பழுதான போன் கவுண்டரைத் தாண்டிய பிறகு

மதுரையில் போன் பழுதானால் போவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஏதாவதொரு ரிப்பேர் கடை. கடைக்காரர் உங்கள் கண்ணெதிரிலேயே பின்மூடியைக் கழற்றுவார். உள்ளே ஊதுவார், சுரண்டுவார், மீட்டரை வைத்துப் பார்ப்பார். "சார்ஜிங் போர்டு போய்விட்டது, சாயங்காலம் வாருங்கள்" என்று விலையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். இன்னொன்று, கம்பெனியின் சர்வீஸ் சென்டர். டோக்கன், ஏசி, சீருடை எல்லாம் இருக்கும். ஆனால் போனை உங்கள் முன்னால் யாரும் திறக்க மாட்டார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "மெசேஜ் வரும்" என்பார்கள். சில நாள் கழித்துப் போனால் "பழுது எதுவும் தென்படவில்லை" என்று அதே போன் திரும்பி வரலாம். உள்ளே பாதியை மாற்றிப் புதிது போலவே தரலாம். "தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டி கிடையாது" என்று போன் விலையில் பாதிக்கு மதிப்பீடும் வரலாம்.

இந்த மூன்றில் எது நடக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. லட்சக்கணக்கில் விற்ற பொருள்களில் எது, எங்கே, எதனால் கெடுகிறது என்று கணக்குப் பார்ப்பதற்காகக் கம்பெனிகள் அமைத்துக்கொண்ட ஒழுங்கு அது. உங்கள் ஒரு போனைச் சரிசெய்வது அந்தப் பெரிய கணக்கின் ஓரத்தில் நடக்கும் சின்னக் காரியம். அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

கவுண்டரில் இருப்பவர்

சர்வீஸ் சென்டரில் உங்களிடம் பேசுகிறவர் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் ஊழியரே அல்ல. பெயர்ப்பலகை கம்பெனியுடையது, கடை உள்ளூர்க்காரர் ஒருவருடையது. கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, வாடகையும் சம்பளமும் தாமே கொடுத்து நடத்துகிறார். வாரண்டியில் முடித்துக்கொடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் கம்பெனி அவருக்கு இவ்வளவு என்று கூலி தருகிறது. மாற்றிய உதிரிபாகத்துக்குக் கணக்குக் காட்ட, கழற்றிய பழைய பாகத்தை அவர் திருப்பி அனுப்ப வேண்டும். அதைச் சோதிக்கும் ஆட்கள் "இது தண்ணீர் பட்ட போர்டு, வாரண்டியில் மாற்றியிருக்கக் கூடாது" என்று முடிவு கட்டிவிட்டால் செலவு சென்டர்காரர் தலையில் விழும்.

கவுண்டரில் நிற்கும் பையன் சிம் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது இதனால்தான். அங்கே மிகச் சிறிய வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஈரம் பட்டால் அது சிவப்பாக மாறிவிடும். சிவப்பைப் பார்த்துவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. அந்த ஸ்டிக்கர் சொல்வதெல்லாம் ஈரம் பட்டது என்பதை மட்டும்தான். பழுதுக்குக் காரணம் அந்த ஈரம்தான் என்று அது சொல்வதில்லை. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது கம்பெனிகளுக்கு வசதியான குறுக்குவழி. விளம்பரத்தில் போன் நீச்சல் குளத்தில் மிதக்கிறது, வாரண்டி அட்டையில் நீர்ச்சேதம் விலக்கு. இப்படிப்பட்ட விளம்பரத்துக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2022-இல் சாம்சங்கின் அந்நாட்டுக் கிளைக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கடல் நீரிலும் குளத்து நீரிலும் நனைந்த பிறகு சார்ஜ் போட்டால் துவாரம் அரித்துப்போகும் என்பதைச் சொல்லாமல் அந்தத் தண்ணீரிலேயே விளம்பரம் எடுத்ததுதான் குற்றம்.

கவுண்டர் பையனிடம் சத்தம் போட்டுப் பயனில்லை. அவன் முன்னால் இருக்கும் மென்பொருள் அனுமதிக்காத எதையும் அவனால் பதிவு செய்யவே முடியாது. ஐஎம்இஐ எண்ணைத் தட்டினால் (உங்கள் போனில் *#06# போட்டால் தெரியும் எண் அது) வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியது, எப்போது முடிகிறது என்று திரையில் வரும். கடையில் வாங்கிய தேதிக்கு முன்பே போன் முதன்முறையாக இயக்கப்பட்டிருந்தால் அந்தப் பழைய தேதியே பதிவாகியிருக்கும். அதைத் திருத்த உங்களிடம் உள்ள ஒரே ஆயுதம் பில். சரக்கு நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பி, வரியை மிச்சம் பிடிக்கப் பில் இல்லாமல் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜாப் ஷீட்

கையெழுத்து வாங்கும் அந்தத் தாளுக்கு ஜாப் ஷீட் என்று பெயர். என்னைக் கேட்டால், மொத்தக் காரியத்திலும் வாடிக்கையாளர் கையில் இருக்கும் பிடி இது ஒன்றுதான்.

அண்மையில் ஒரு சர்வீஸ் சென்டரில் காத்திருந்தபோது பார்த்தது இது. மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவும் கல்லூரியில் படிக்கும் அவர் மகளும் வந்திருந்தார்கள். "என்னம்மா பிரச்சினை?" என்றான் பையன். "சார்ஜ் போட்டால் கொதிக்கிறது தம்பி. ராத்திரி தலைமாட்டில் வைக்கவே பயமாக இருக்கிறது." அவன் திரையில் ஒரு பட்டியலைக் கீழே தள்ளி, ஒன்றைத் தொட்டான். தாள் அச்சாகி வந்தது. முழுக்க ஆங்கிலம். புகார் என்ற கட்டத்தில் 'சூடாகிறது' என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே பின்மூடியில் கீறல், ஓரத்தில் நசுங்கல், திரையில் பல கீறல்கள் என்று போனின் அங்க அடையாளங்கள் மூன்று வரிக்கு இருந்தன. அதற்கும் கீழே எறும்பு எழுத்தில், உள்ளே இருக்கும் படங்களுக்கும் தகவல்களுக்கும் கம்பெனி பொறுப்பல்ல என்ற வரி.

அம்மா பேனாவை எடுத்துவிட்டார். மகள் தடுத்தாள். "அண்ணா, சும்மா இருக்கும்போது சூடாவதில்லை. சார்ஜ் போடும்போதுதான். அதுவும் இதனோடு வந்த சார்ஜரிலேயே, இருபது நிமிடத்தில் சூடாகிவிடுகிறது. அதையும் சேர்த்து எழுதுங்கள்." அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, குறிப்பு என்ற கட்டத்தில் அதைத் தட்டித் தாளை மறுபடி அச்சடித்துக் கொடுத்தான்.

அந்த ஒரு வரிக்கு என்ன மதிப்பு? 'சூடாகிறது' என்பது பட்டியலில் உள்ள ஒரு குறியீடு. வெயிலில் வைத்தாலும் சூடாகும், விளையாட்டுச் செயலி ஓடினாலும் சூடாகும். அதை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் டெக்னீஷியன் போனை மேசையில் போட்டு அரை மணி நேரம் பார்ப்பார். ஏசி அறையில் அது குளிர்ந்துதான் கிடக்கும். "பழுது தென்படவில்லை" என்று எழுதித் திருப்பிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. திருமங்கலம் சாலையில் மே மாதம் பைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஓட்டும்போது வரும் பழுது அவர் மேசையில் வராது. கம்பெனியின் சார்ஜர், இருபது நிமிடம் என்று எழுதியிருந்தால் அவர் சோதித்தே ஆகவேண்டிய நிபந்தனை தாளில் வந்துவிடுகிறது. விட்டுவிட்டு வரும் பழுதென்றால் வரும்போது இன்னொரு போனில் வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது.

பல போன்களின் கையேட்டில், இயங்குவதற்கு ஏற்ற சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரைதான் என்று போட்டிருக்கிறது. சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இதை என்ன சொல்வது! அதேபோல், பைக் கைப்பிடியில் மாட்டும்போது எஞ்சின் அதிர்வு போன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகத்தைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் அறிவித்தது. சாப்பாடு கொண்டுசெல்லும் பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

போர்டோடு மாற்றுவது ஏன்

ரிப்பேர் கடைக்காரர் கெட்டுப்போன ஒரு சிறு சில்லை (சிப்) மட்டும் சூடான காற்றால் பெயர்த்தெடுத்து வேறு வைக்கிறார். சர்வீஸ் சென்டரிலோ அதே பழுதுக்கு முழு போர்டையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். கொள்ளை என்று தோன்றும், வாரண்டி முடிந்தவருக்கு அது கொள்ளையாகவே முடியவும் செய்கிறது. ஆனால் கம்பெனி பக்கத்துக் காரணம் வேறு. சென்டர்களில் வேலை நிலை நிலையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மென்பொருள் ஏற்றுவதும் வெளிப்பாகம் மாற்றுவதும் கீழ்நிலை. போர்டை முழுதாக மாற்றுவது அடுத்த நிலை. போர்டில் உள்ள தனிச் சில்லைத் தொடுவது மேல்நிலை. அதற்கு வேண்டிய ஆளும் கருவியும் எல்லா ஊரிலும் இருக்காது. போர்டை மாற்றினால் மதுரையானாலும் மணிப்பூரானாலும் வேலை ஒரே தரத்தில் இருக்கும், ஒரே நேரத்தில் முடியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கழற்றிய போர்டு வெறும் குப்பையாகப் போவதில்லை. மையப் பணிமனைக்குப் போய், சரிசெய்ய முடிந்தால் சரிசெய்யப்பட்டு, வேறொருவர் போனுக்கு மாற்றுப் பாகமாகப் போகக்கூடும். சரியாகாதவற்றில் சில ஆய்வுக்குப் போகின்றன. ரிப்பேர் கடையில் கழற்றிய சில் எதனால் கெட்டது என்று யாரும் கேட்பதில்லை. கம்பெனிக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். எக்ஸ்ரேயில் பார்ப்பது, குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பது என்று பிணப் பரிசோதனை போலவே அது நடக்கும்.

போர்டு மாறினால் உள்ளிருந்த படங்களும் போய்விடும் என்பதை மறக்கக் கூடாது. கல்யாணப் படங்களை இழந்து கவுண்டரில் அழுகிறவர்களை எந்தச் சென்டரிலும் பார்க்கலாம். கொடுப்பதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருட வாரண்டி எங்கிருந்து வந்தது

மின்னணுப் பொருள்கள் கெடுவதற்கு ஒரு போக்கு இருக்கிறது. தொழிற்சாலையில் ஒழுங்காகப் பற்றவைக்காத இணைப்பு, பலவீனமான பாகம் இவையெல்லாம் முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும் பல்லிளித்துவிடும். அதைத் தாண்டிவிட்டால் நீண்ட காலத்துக்கு அமைதி. எப்போதாவது ஒன்று கெடும். அதன் பிறகு தேய்மானத்தால் மறுபடி ஏறும்: பேட்டரி தளரும், பட்டன் தேயும், மின்தேக்கி உலரும். வரைபடமாகப் போட்டால் இரு ஓரமும் உயர்ந்து நடு தாழ்ந்திருக்கும். வாரண்டி அந்த முதல் மேட்டை மூடிவிட்டு, இரண்டாவது மேடு தொடங்குவதற்கு வெகுமுன்பே முடிந்துவிடுகிறது. மேலும் பணம் கட்டி வாங்கும் கூடுதல் வாரண்டியில் பெரும்பகுதி அந்த நடுவிலுள்ள அமைதிக் காலத்தை மூடுவதுதான். கடைக்காரர் அதை அவ்வளவு ஆசையோடு விற்பதற்கு இது போதுமான காரணம்.

வாரண்டியில் ஆகும் செலவு கம்பெனிக்குத் திடீர்ச் செலவு அல்ல. விற்கும்போதே, விற்றவற்றில் நூற்றுக்கு எத்தனை திரும்பி வரும் என்று கணித்து அந்தத் தொகையைக் கணக்கில் ஒதுக்கிவிடுகிறார்கள். உங்கள் பழுது அந்த ஒதுக்கீட்டுக்குள் அடங்கும்வரை யாருக்கும் பதற்றம் இல்லை. கணித்ததைவிட அதிகமாக, அதுவும் ஒரே குறியீட்டில் வரத் தொடங்கினால்தான் தலைமையகத்தில் விளக்கு எரியும்.

அப்படியானால் விற்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சோதித்துவிடலாமே என்று கேட்கலாம். ஒவ்வொரு போனும் இயங்குகிறதா என்று பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கீழே போட்டு, வளைத்து, சூடேற்றி, ஆயிரம் முறை சார்ஜ் ஏற்றிப் பார்க்கும் கடும் சோதனையைச் சிலவற்றுக்குத்தான் செய்ய முடியும், அதில் தேறியதை விற்க முடியாது. ஆக, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்குதான். ஆயிரத்தில் ஒன்றுக்கு மட்டும் உள்ள குறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 போன்களை எடுத்துச் சோதித்தால், அதில் ஒன்றுகூட அகப்படாமல் போவதற்கு நூற்றுக்கு 82 வாய்ப்பு இருக்கிறது. சோதனையில் தேறிவிடும். பத்து லட்சம் போன் விற்றால் ஆயிரம் வீட்டில் கெடும். அந்த ஆயிரம் பேரின் ஜாப் ஷீட்டுகள்தான் உண்மையான சோதனை.

அதோடு, பானை ஒன்றுதானா என்பதும் கேள்வி. சாம்சங் கேலக்ஸி நோட் 7-இன் கதை இதற்கு நல்ல பாடம். 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. வந்த சில நாட்களிலேயே சார்ஜ் போட்டபோது தீப்பிடித்ததாகப் புகார்கள். செப்டம்பர் 2 அன்று கம்பெனி விற்பனையை நிறுத்தி, சுமார் 25 லட்சம் போன்களை மாற்றித் தருவதாக அறிவித்தது. அந்தப் போனுக்குப் பேட்டரி இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒரு தயாரிப்பாளரின் பேட்டரியில்தான் குறை என்று நினைத்து, இன்னொருவருடைய பேட்டரியைப் போட்டு மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்தவையும் தீப்பிடித்தன. அக்டோபர் 11 அன்று தயாரிப்பையே கைவிட்டார்கள்.

2017 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு முடிவு விசித்திரமானது. சுமார் 700 பொறியாளர்கள், 2 லட்சம் போன்களையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்துக் கண்டது: இரண்டு பேட்டரிகளிலும் குறை, ஆனால் இரண்டும் வெவ்வேறு குறைகள். முதலாவதில் உறையின் மேல் மூலையில் இடம் போதாமல் மின்முனைத் தகடு மடங்கியிருந்தது. இரண்டாவதில், அவசரமாகக் கூடுதல் எண்ணிக்கை தயாரித்தபோது பற்றவைத்த இடத்தில் கூர்மையான பிசிறுகள் நின்று உள்ளே குத்தியிருந்தன. முதல் பானையின் சோற்றைப் பார்த்து இரண்டாவது பானை வெந்துவிட்டது என்று பந்தி போட்டுவிட்டார்கள். இந்தியாவில் அந்தப் போன் கடைக்கு வருவதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது. இருந்தும் விமானத்தில் அதை இயக்கவோ சார்ஜ் போடவோ கூடாது என்று இங்கும் அறிவிப்பு வந்தது.

புகார் பெருகினால் கம்பெனி என்ன செய்யும்

நமக்கு நெருக்கமான உதாரணம் நோக்கியா. 2007 ஆகஸ்டில், பிஎல்-5சி என்ற பேட்டரியில் 4.6 கோடி எண்ணிக்கைக்குச் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகும் வாய்ப்பு இருப்பதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. ஒரே தயாரிப்பாளர் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்தவை. உலகம் முழுக்க அதுவரை பதிவாகியிருந்த சம்பவங்கள் நூறு அளவுக்குத்தான். ஆனால் அன்றைக்கு நம் ஊரில் செல்பேசி என்றாலே பெரும்பாலும் நோக்கியாதான். டீக்கடையில், பஸ்ஸில், அலுவலகத்தில் எல்லோரும் பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பேட்டரி வெடிக்கும் என்ற வதந்தி அறிவிப்பைவிட வேகமாகப் பரவியது. இந்தியா முழுக்க அந்தக் கம்பெனியின் சேவை மையங்களில் கூட்டம் முண்டியடித்தது. ஆபத்து சிறியதாக இருந்தாலும் தாமாக முன்வந்து அறிவித்ததும், எந்தத் தேதிச் சரக்கு என்று பிரித்துச் சொன்னதும் அவர்கள் செய்த சரியான காரியம். பிரித்துச் சொல்ல முடிந்தது எதனால்? ஒவ்வொரு பேட்டரியிலும் அடையாள எண் இருந்தது, புகார் வந்த பேட்டரிகளின் எண்ணை யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.

எல்லாக் கம்பெனியும் அப்படி முன்வருவதில்லை. 1994-இல் இன்டெல்லின் பென்டியம் சில்லில் வகுத்தல் கணக்கு சில எண்களுக்குப் பிழையாக வந்தது. அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் அதைக் கண்டுபிடித்து வெளியே சொன்னார். சாதாரணப் பயனாளருக்கு 27,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் இந்தப் பிழை எதிர்ப்படும், ஆகவே உங்களுக்கு அவசியம் என்று காட்டினால் மாற்றித் தருகிறோம் என்றது இன்டெல். அவர்களிடம் சில் வாங்கிக் கணினி செய்த ஐபிஎம், 24 நாளுக்கு ஒருமுறை வரக்கூடும் என்று வேறு கணக்கைக் காட்டி விற்பனையை நிறுத்தியது. கடைசியில் டிசம்பர் 20 அன்று, கேட்பவர் யாரானாலும் காரணம் கேட்காமல் மாற்றித் தருவதாக இன்டெல் இறங்கி வந்தது. செலவு 47.5 கோடி டாலர். பொறியியல் கணக்கில் இன்டெல் சொன்னது முழுக்கத் தவறு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கியவனிடம் "உனக்கு இது தேவைப்படாது" என்று சொல்லும் உரிமை விற்றவனுக்குக் கிடையாது.

இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் பெரும்பாலான முடிவுகள் நடக்கின்றன. அடுத்த சரக்கிலிருந்து வடிவத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, விற்றதைப் பற்றிப் பேசாமல் இருப்பது ஒன்று. குறிப்பிட்ட பழுதுக்கு மட்டும் வாரண்டியை நீட்டுவது இன்னொன்று. மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிக்கு 2007-இல் மூன்று ஆண்டு வரை நீட்டியது, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. திரையில் திடீரென்று பச்சைக் கோடு விழும் தொல்லைக்கு ஒன்பிளஸ் இந்தியாவில் சில மாடல்களுக்கு வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகத் திரை மாற்றித் தந்தது. இப்படிப்பட்ட திட்டங்களைச் செய்தித்தாளில் முழுப் பக்க விளம்பரமாகப் போட மாட்டார்கள், கவுண்டரில் தாமாகச் சொல்வதும் அரிது. "இந்த மாடலுக்கு, இந்தப் பழுதுக்குத் தனித் திட்டம் ஏதும் இருக்கிறதா?" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது வழி மென்பொருள். கருவியைத் தொடாமலே ஒரு அப்டேட் அனுப்பிச் சமாளிப்பது. செலவு குறைவு, சில சமயம் நல்ல தீர்வும்கூட. ஆனால் ரகசியமாகச் செய்தால் வினை. பழைய ஐபோன்கள் தளர்ந்த பேட்டரியால் திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்க, அப்டேட் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டது. பேட்டரி மாற்றினால் போதும் என்பது தெரியாமல் எத்தனையோ பேர் புதுப் போன் வாங்கியிருந்தார்கள். பிறகு பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். 2020-இல் வழக்கை முடிக்க 50 கோடி டாலர் வரை தர ஒத்துக்கொண்டார்கள்.

சட்டத்தின் உதவி

தொலைபேசி, இணையம் வழியாகச் செய்யும் புகாருக்கும் ஜாப் ஷீட்டின் விதிதான். எண் இல்லாத புகார் புகாரே அல்ல. பேசி முடித்ததும் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், பேசியதைச் சுருக்கி மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை புதுப் புகார் எழுப்பாமல் அதே எண்ணிலேயே தொடருங்கள். புது எண் போட்டால் காலக்கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இணைய விற்பனைத் தளங்களுக்குக் குறைதீர் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், புகாரைக் கம்பெனியின் உரிய மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். கவுண்டர் பையனால் திறக்க முடியாத கதவு பல நேரம் இதில் திறந்துவிடுகிறது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2020 ஜூலை 20 முதல் நடப்பில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் விற்பதும் அதே வகைக் குற்றம்தான்.

கடைசிப் படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் இங்கேதான் வழக்கு. போன், லேப்டாப், டிவி எல்லாம் இதில் அடங்கிவிடும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனியின் தலைமையகம் குருகிராமிலோ பெங்களூரிலோ இருக்கட்டும், நீங்கள் உசிலம்பட்டியில் குடியிருந்தால் மதுரையிலேயே வழக்குப் போடலாம். முந்தைய சட்டத்தில் இல்லாத பெரிய வசதி இது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

பொருளில் குறை இருக்கிறதா என்பதைச் சோதித்தால்தான் தெரியும் என்றால், ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். மூன்று மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் சொல். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போவதும் உண்டு. நீங்கள் கொண்டுபோக வேண்டியவை பில், ஜாப் ஷீட்டுகள் எல்லாம், புகார் எண்கள், மின்னஞ்சல்கள். ஒரே பழுதுக்கு மூன்று முறை சரிசெய்த ஜாப் ஷீட்டுகள் கையில் இருந்தால் வாதமே தேவைப்படாத அளவுக்கு அவை பேசும்.

தீர்ப்பு பிடிக்காவிட்டால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதன் அமர்வு மதுரையிலேயே இருப்பதால் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. மேல்முறையீடு செய்வது கம்பெனி என்றால், உங்களுக்குத் தரச் சொன்ன தொகையில் பாதியை முதலில் கட்டிவிட்டுத்தான் அவர்கள் உள்ளே நுழைய முடியும்.